நாகர்கோவில் லேஸ் பிறந்த கதை

1721-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அச்சடித்த பருத்தித் துணியை யாரும் உடுத்தக் கூடாது. வீட்டில் திரைச்சீலையாகத் தொங்கவிடவோ மெத்தைமேல் விரிக்கவோ கூடாது. பிரான்ஸ் இதே மாதிரித் தடையை 1686-லேயே கொண்டுவந்துவிட்டது. இரண்டு நாடுகளையும் இந்த அளவுக்குப் பயமுறுத்தியவை குஜராத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேறிப் போன துணிகள்.

அந்தத் துணிகளின் ரகசியம் மரத்திலும் வேரிலும் இருந்தது. பூவும் கொடியும் செதுக்கிய அச்சுக்கட்டையைப் படிகாரக் கரைசலில் தொட்டுத் துணியில் ஒற்றுவார்கள். பிறகு சாயவேர் கொதிக்கும் அண்டாவில் துணியை முக்கினால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து வரும். பழைய இரும்புத் துண்டுகளும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரைத் தொட்டு ஒற்றினால், கடுக்காய்ப் பால் ஏறிய துணியில் அந்த இடம் கறுக்கும். எத்தனை முறை துவைத்தாலும் நிறம் போகாது. ஐரோப்பியக் கம்பளிக்காரர்களும் பட்டு நெசவாளர்களும் இதனோடு போட்டிபோட முடியாமல் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன் முடிவுதான் சட்டம்.

அந்தச் சட்டம் வந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, 1821-ல், ஒரு கைவேலை எதிர்த்திசையில் கடல் கடந்து வந்து நாகர்கோவிலில் இறங்கியது. அதில் நிறம் கிடையாது, சாயம் கிடையாது, தறியும் கிடையாது. வெள்ளை இழையும் நூறு குண்டூசியும் ஒரு திண்டும் போதும். நாகர்கோவில் லேஸ் என்று அது பெயர் பெற்றது. நாஞ்சில் நாட்டுப் பெண்களின் கையில் காசு வந்த கதையும் அடிமைப் பெண்கள் தங்களையே விலை கொடுத்து மீட்ட கதையும் அந்த வெள்ளைப் பின்னலுக்குள் இருக்கின்றன.

வெள்ளைத் துணியின் நாடு

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே துணி என்றால் வண்ணம். மதுரைச் சுங்குடி, தஞ்சைச் சீமையின் கோடாலிக் கருப்பூர்ச் சேலை, சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலம்காரி என்று சாயமும் மெழுகும் தூரிகையும் விளையாடிய நிலம் அது. திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த நாஞ்சில் நாட்டின் வழக்கம் வேறு. இங்கே துணி என்றால் வெள்ளை. முண்டும் நேரியதும் வேட்டியும் வெளுப்பாகவே இருக்கும்; ஓரத்தில் ஓடும் கரைதான் அலங்காரம். வடசேரி, கோட்டாறு நெசவுத் தெருக்களின் தறிகளுக்கும் அதுவே மரபு.

கரையை வைத்தே துணியை மதிப்பிட்ட ஊருக்கு லேஸ் வந்து சேர்ந்தது பொருத்தம்தான். லேஸ் என்பதே துணியின் ஓரத்துக்காகப் பிறந்த கலை. பதினாறாம் நூற்றாண்டில் வெனிஸிலும் பிளாண்டர்ஸிலும் அது வளர்ந்தது. ஊசியால் பின்னுவது ஒரு வகை. திண்டின்மேல் பல இழைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது இன்னொரு வகை. நாகர்கோவிலுக்கு வந்தது இரண்டாவது.

ஒரு வீடு, ஒரு பள்ளி

இலண்டன் மிஷனரி சங்கத்தின் வேலை இந்தப் பக்கத்தில் 1806-ல் மயிலாடியில் தொடங்கியது. பிரஷ்ய நாட்டவரான ரிங்கல்தௌபே அங்கே பத்தாண்டு இருந்துவிட்டு 1816-ல் புறப்பட்டுப் போனார். அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட், திருவிதாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் ஆதரவோடு பணியை நாகர்கோவிலுக்கு மாற்றினார். 1819-ஆம் ஆண்டின் இறுதியில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் வந்து சேர்ந்தார்கள். அன்று முதல் 1854 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் அவர்களுடைய வாழ்க்கை நாகர்கோவிலில்தான்.

மீட் அம்மையாரும் மால்ட் அம்மையாரும் சேர்ந்து பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார்கள். இன்றைய டதி பெண்கள் பள்ளி தன் தொடக்கத்தை 1819 என்று எண்ணுவது இந்த வேரிலிருந்துதான். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் வயல்வேலைக்கும் பனங்காட்டு வேலைக்கும் ஒரு கை குறையும். பள்ளியில் போடும் சோறு, துணிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் இருந்தது. இரண்டுக்கும் மால்ட் அம்மையார் கண்ட விடை, தம் நாட்டிலிருந்து தெரிந்து வந்த லேஸ் பின்னல். காலையில் படிப்பும் மற்ற நேரத்தில் பின்னலுமாகப் பிள்ளைகள் பழகினார்கள். வீடே பள்ளி, பள்ளியே பட்டறை என்று ஆயிற்று.

வடிவங்களை எடுத்துக் கொடுத்தவர், இழையின் தரம் பார்த்தவர், முடிந்த பின்னலை விலை பேசி விற்றவர் எல்லாம் ஆரம்பத்தில் அவரே. இன்று துணி வடிவமைப்பாளர் என்று ஒருவரை எதற்காக அழைக்கிறோமோ அந்த வேலை முழுவதையும் 1820-களில் நாகர்கோவில் மிஷன் வளாகத்தில் அவர் செய்தார்.

இரண்டே அசைவுகள்

கெட்டியாகத் திணித்த திண்டு ஒன்று. அதன்மேல் ஒரு தடித்த தாள். உருவாக வேண்டிய பூவும் இலையும் அந்தத் தாளில் ஊசித் துளைகளாகக் குத்தப்பட்டிருக்கும். அச்சடிப்பவருக்கு மரக்கட்டை எப்படியோ அப்படி லேஸ்காரிக்கு இந்தத் துளைத்தாள். வடிவத்தின் நினைவு முழுவதும் அதில்தான் இருக்கும். தாள் பத்திரமாக இருந்தால் நூறு வருடம் கழித்தும் அதே பூவைத் திரும்பப் பூக்கவைக்கலாம்.

நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள் திண்டிலிருந்து ஜோடி ஜோடியாகத் தொங்கும். குறுகலான கரைக்குப் பத்துப் பதினைந்து ஜோடி போதும். அகலமும் நுட்பமும் கூடக்கூட எண்ணிக்கை பெருகும். பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் இரண்டை எடுத்து நடு இழைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றுவது ஓர் அசைவு. ஒவ்வொரு ஜோடியையும் தனக்குள் முறுக்குவது மற்றோர் அசைவு. உலகத்தில் உள்ள அத்தனை திண்டு லேஸும் இந்த இரண்டு அசைவுகளின் கணக்குதான். துளை வந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தினால் இழை அங்கே நிற்கும். முன்னே ஊசி ஏற ஏற, பின்னே முடிந்த பகுதியிலிருந்து ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டே போவார்கள். நுட்பமான வடிவம் என்றால் ஓர் அங்குலம் நகர மணிக்கணக்கில் ஆகும்.

பள்ளியில் சேர்ந்தவர்களில் பலர் பனையேறிக் குடும்பத்துப் பிள்ளைகள். குருத்தோலையைக் கிழித்து, ஈர்க்கு நீக்கி, மேலொன்று கீழொன்றாக விட்டுப் பெட்டி முடையும் வேலை அவர்கள் பிறந்த வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. லேஸும் முடைவதுதான், ஓலைக்குப் பதில் நூல் என்பது மட்டுமே மாற்றம். சீமையிலிருந்து வந்த வேலை அவர்கள் கைக்கு இவ்வளவு சீக்கிரம் படிந்ததற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அங்கே இங்கிலாந்தில் நடந்துகொண்டிருந்தது இதற்கு நேர்மாறு. ஜான் ஹீத்கோட் என்பவர் 1809-ல் லேஸ் வலை பின்னும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிழைப்பு போன கோபத்தில் லுடைட் கூட்டத்தார் 1816-ல் லோபரோவிலிருந்த அவருடைய ஆலைக்குள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட எந்திரங்களை நொறுக்கினார்கள். அவர் ஆலையைத் தெற்கே டெவன் மாவட்டத்துக்குக் கொண்டுபோனார். ஹானிடன் லேஸ் என்ற புகழ்பெற்ற கைப்பின்னலின் சொந்த மாவட்டம் அது. சொந்த மண்ணிலேயே எந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கைவேலைக்கு அந்த வருடங்களில்தான் நாகர்கோவிலில் புதிய கைகள் கிடைத்தன.

பின்னியவர்களின் உடல்

இந்தக் கதையின் கனமான பகுதி இது. மேல்நாட்டுப் பெண்களின் கழுத்துக்கும் முன்கைக்கும் லேஸ் பின்னிக் கொடுத்த அதே பிள்ளைகளின் தாய்மாருக்கு மார்பை மறைக்க உரிமையில்லை. திருவிதாங்கூரில் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிவது மரியாதைக் குறைவு என்று மேல்சாதியார் விதித்திருந்தார்கள். மன்றோ 1814-ல் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று ஆணை வாங்கிக் கொடுத்தார். மீட் அம்மையாரும் மால்ட் அம்மையாரும் தளர்வான சட்டை ஒன்றை வடிவமைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். லேஸ் பழகிய அதே வளாகத்தில்தான் அந்தச் சட்டையும் பிறந்தது.

1822-லிருந்து கலவரம். சந்தைகளில் பெண்களின் சட்டைகள் கிழிக்கப்பட்டன. 1829-ல் வந்த அரசாணை குப்பாயத்தை அனுமதித்தது. மேல்சாதிப் பெண்களைப்போலத் தோள்சீலை போடுவதைத் தடுத்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னதும் இதே நூற்றாண்டுப் போராட்டத்தின் இன்னொரு முகம். 1858-ல் மறுபடி பெருங்கலவரம். கடைசியாக 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிவிப்பு நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையைத் தந்தது. அப்போதும் மேல்சாதியார் உடுத்தும் அதே முறையில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. நாஞ்சில் நாட்டில் துணி வெறும் துணியாக ஒருநாளும் இருந்ததில்லை.

அடிமைமுறை இதைவிடக் கொடியது. 1836-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருவிதாங்கூரின் அடிமைகள் 1,64,000 பேருக்கு மேல். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட, அடகு வைக்கப்பட்ட மனிதர்கள். சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே மால்ட் அம்மையாரின் பள்ளியில் அடிமைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்து லேஸ் பின்னினார்கள். பின்னி வந்த காசைச் சேர்த்து, உடையவனுக்குத் தங்கள் விலையைக் கட்டி, விடுதலை பெற்ற பெண்கள் அவர்களில் உண்டு. மிஷன் பதிவுகள் இதைச் சொல்கின்றன. இந்தியக் கைவினை வரலாற்றில் இதற்கு ஈடாக எதையும் நான் படித்ததில்லை. பட்டுக்கும் சரிகைக்கும் கோயிலும் அரண்மனையும் சாட்சி. இந்த வெள்ளைப் பின்னலுக்கு ஒரு மனுஷியின் விடுதலை சாட்சி.

ஊர் விட்டு ஊர்

மால்ட் தம்பதியின் மகள் எலிசா நாகர்கோவிலில் வளர்ந்தவர். தமிழ் அவருக்குத் தாய்மொழிபோல. 1844-ல் நாகர்கோவிலிலேயே அவருக்கும் ராபர்ட் கால்டுவெல்லுக்கும் திருமணம் நடந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். மணமாகி இடையன்குடிக்குப் போன எலிசா, அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தபோது தாயிடம் கற்ற லேஸையும் கற்றுக்கொடுத்தார். தேரிக்காட்டுச் செம்மண் ஊரான இடையன்குடி லேஸுக்குப் பேர்போன ஊர் ஆனது. கால்டுவெல்லின் இலக்கணத்தை உலகம் அறியும். அவர் வீட்டிலிருந்து பிறந்த இந்த இன்னொரு பணியைத் தமிழர்களே அதிகம் பேசுவதில்லை.

நாஞ்சில் நாட்டுக்கு வடமேற்கே முளகுமூட்டில் லேஸ் இரண்டாம் முறை பிறந்தது. 1897 நவம்பரில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகர மடத்திலிருந்து மரி லூயி டி மீஸ்டர் என்ற கன்னியரும் இளந்துறவி ஒருவரும் அங்கே வந்து இறங்கினார்கள். அனாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் அவர்களை அழைத்திருந்தார்கள். பிளாண்டர்ஸ் லேஸின் தாய்வீடு. ஈப்பர் அதன் முக்கியப் பட்டறைகளில் ஒன்று. அந்தக் கைவேலையும் பூத்தையலும் முளகுமூட்டுப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தன. பதினேழு ஆண்டு கழித்துத் தொடங்கிய முதல் உலகப்போரில் ஈப்பர் நகரம் குண்டுவீச்சில் தரைமட்டமானது. அந்த நகரத்துக் கைத்திறனில் ஒரு கிளை அதற்குள் குமரி மண்ணில் வேர்பிடித்துவிட்டது. இந்த ஒரு வருகையிலிருந்தே உலகின் பல நாடுகளில் இயங்கும் ஐ.சி.எம். என்னும் கன்னியர் சபையும் பிறந்தது.

இப்படி ஒரே மாவட்டத்தில் இங்கிலாந்து வழியில் ஒன்றும் பெல்ஜிய வழியில் ஒன்றுமாக இரண்டு லேஸ் மரபுகள் வளர்ந்தன. சீர்திருத்த சபைப் பெண்களும் கத்தோலிக்கப் பெண்களும் தங்கள் தங்கள் திண்டுகளில் பின்னினார்கள். இடையில் பூத்தையல் பெருகியது. மேசைவிரிப்பு, கைக்குட்டை, தலையணையுறை, கோயில் பீடத்துணி, ஞானஸ்நானச் சட்டை என்று வேலை விரிந்தது. படிக்கும் வயதில் பள்ளியில் பழகிய கை, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுத் திண்ணையில் சம்பாதித்தது. கடற்கரை ஊர்களிலும் மலையோர ஊர்களிலும் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை, ஒரு வீட்டின் பஞ்சகாலத்தைத் தாங்கிய வருமானம் அது.

கூலியும் பெயரும்

இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லும்போதே அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். கோதாவரிக் கரையில் நரசாப்பூர் என்ற ஊரிலும் 1844-ஐ ஒட்டி மிஷனரிகள் வழியாக ஊக்குப்பின்னல் லேஸ் வந்தது. அந்த ஊரை ஆராய்ந்து ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-ல் நூல் எழுதினார். உலகச் சந்தைக்குப் பொருள் செய்யும் பெண்களை, வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுகிறவர்கள் என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் கூலியைக் குறைத்து வைத்திருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். வீட்டுக்குள் நடப்பதால் அது வேலை என்ற கணக்கில் வரவில்லை. நடுவில் நின்று வாங்கி விற்றவருக்கே லாபம் போனது.

குமரி மாவட்டத்திலும் வீட்டிலிருந்து பின்னும் பெண்ணுக்கு இந்த ஆபத்து உண்டு. கூலியைவிட மறைந்துபோன இன்னொன்று இருக்கிறது, அது பெயர். லேஸைக் கொண்டுவந்த அம்மையாரின் பெயர் நமக்குத் தெரியும். அவர் மகளின் பெயரும் மருமகனின் பெயரும் தெரியும். இருநூறு ஆண்டுகளாக அந்தத் திண்டுகளின்முன் குனிந்து உட்கார்ந்த பெண்களில் யாரையாவது பெயர் சொல்லி நம்மால் அழைக்க முடியுமா? தன்னைத் தானே விலை கொடுத்து மீட்ட அந்தப் பெண்ணுக்கு ஊரில் ஒரு கல்கூட இல்லை.

ஆகவே நாகர்கோவில் லேஸை மிஷனரிகள் கொடுத்த கொடை என்று மட்டும் சொல்லி முடிப்பது எனக்குச் சம்மதமில்லை. வடிவம் டெவனிலிருந்து வந்திருக்கலாம், பிளாண்டர்ஸிலிருந்து வந்திருக்கலாம். சோழமண்டலத்து அச்சுத்துணியைப் பார்த்துத்தான் ஐரோப்பா அச்சடிக்கக் கற்றது. தடையெல்லாம் நீங்கிய பிறகு மான்செஸ்டரும் முலூஸும் அதைத் தங்கள் தொழில் என்றுதான் சொல்லிக்கொண்டன. ஒரு கலை எந்தக் கையில் தங்கி, எந்த வீட்டுக்குச் சோறு போட்டு, எந்தத் தலைமுறையால் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டதோ அந்த ஊர்தான் அதற்குப் பிறந்த ஊர். அந்தக் கணக்கில் இது நாஞ்சில் நாட்டுக் கலை.

குமரி மாவட்டத்தின் வடசேரிக் கோயில் நகைகளும் மட்டி வாழைப்பழமும் ஈத்தாமொழித் தேங்காயும் மலைக் கிராம்பும் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. லேஸுக்கும் அந்த வரிசையில் இடம் கேட்க வேண்டிய நேரம் இது. அதற்கு முதல் தேவை ஆவணம். பழைய துளைத்தாள்கள், மாதிரித் துண்டுகள், கூலிக் கணக்குப் புத்தகங்கள் திருச்சபை அலுவலகங்களிலும் மடங்களிலும் பெட்டிகளுக்குள் இருந்தால் அவற்றைப் படமெடுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். துணி வடிவமைப்புப் படிக்கும் நம் பிள்ளைகள் ஜெய்ப்பூருக்கு அச்சுக்கட்டை பார்க்கப் போகிறார்கள், போகட்டும், நல்லது. வடசேரித் தறியில் நெய்த வெள்ளைத் துணிக்கு நாகர்கோவில் லேஸைக் கரையாக வைத்து ஒரு புதிய சேலையை இந்த மண்ணிலிருந்தே அவர்களால் உருவாக்க முடியும். அதற்கு வேண்டிய இரண்டு திறமைகளும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் பாட்டியோ பெரியம்மையோ லேஸ் பின்னியவர் என்றால், அவர் திண்டையும் குச்சிகளையும் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவர் பெயர், யாரிடம் கற்றார், எந்த ஆண்டு எவ்வளவு கூலி வாங்கினார் என்பதை ஒரு தாளில் எழுதி அந்தப் பின்னலோடு சேர்த்து வையுங்கள். கடையில் கைப்பின்னல் வாங்கும்போது விலை கேட்பதோடு நிறுத்தாமல், செய்தவர் யார் என்றும் கேளுங்கள்.